பெரும்பள்ளிக்கு யார் பெயர்? நாகப்பட்டினத்துப் புத்தர் சிலைகளை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை நூலகத்தில் கூடி வரலாற்று நூல்களைப் படித்துப் பேசுவதுண்டு. அப்படியொரு கூடலில், ராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டில் கடாரத்தின் (இன்றைய மலேசியாவின் கெடா) மீது நடத்திய கடற்படையெடுப்பைப் பற்றிய பேச்சு வழக்கம்போலப் பெருமிதத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் இடைமறித்தார். "அந்தக் கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த புத்தப் பள்ளிக்கு ஓர் ஊரையே எழுதிக் கொடுத்ததும் இதே அப்பனும் மகனும்தானே? கொடுத்த கைக்கும் அடித்த கைக்கும் நடுவில் இருபது வருஷம்கூட இல்லையே, தம்பி?" என்றார். அன்று எங்களில் எவரிடமும் நேரான பதில் இல்லை. சோழர் சமயப் பொறை மிக்கவர்கள் என்று ஒருவரும், அரசியலில் எல்லாம் நடக்கும் என்று இன்னொருவரும் சொல்லிவைத்தோம். இரண்டுமே பதிலாகாது என்பது வீடு திரும்பும்போதே உறைத்தது.

அந்தக் கேள்வியை நாகப்பட்டினம் சூளாமணி விகாரம் (விகாரம், பள்ளி என்பன பிக்குகள் தங்கி வழிபடும் மடம்) என்ற ஒரே நிகழ்வில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் வேலை. புத்தர் சிலை பழங்கால அரசுகளில் பக்தியின் சின்னமாகவும் அதிகாரத்தின் சின்னமாகவும் இருந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. அந்த இரண்டும் ஒரே சிலையில் எப்படிக் குடியிருந்தன, அரசன் மாறியபோது சிலைக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சான்றுகளோடு காண்பதுதான் கடினம். சான்றுகளைப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது இது: சிலை எந்தச் சமயத்தைச் சேர்ந்தது என்பதைவிட, அதன் மேலும் அது வீற்றிருந்த பள்ளியின் மேலும் யாருடைய பெயர் இருந்தது என்பதையே அக்கால அரசர்கள் முதலில் பார்த்தார்கள்.

ஆனைமங்கலம்

முதல் சான்று செப்பேடு. முதலாம் ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டையொட்டி, நாகப்பட்டினத்துக்கு அருகிலிருந்த ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாய் ஒரு புத்தப் பள்ளிக்கு வழங்கப்பட்டது. பள்ளியைக் கட்டத் தொடங்கியவன், சுமத்திராவை மையமாகக் கொண்ட கடல்வணிகப் பேரரசான ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான சைலேந்திர மரபினன் சூளாமணிவர்மன். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதைத் தந்தையின் பெயரால் நிறைவுசெய்தான். செப்பேட்டின் தமிழ்ப் பகுதி அந்த இடத்தை 'சூளாமணி பன்ம விஹாரத்துப் பள்ளி' என்கிறது. வர்மன் என்பதைப் 'பன்மன்' என்று நம் ஊர் வாய்க்கு ஏற்ப உருட்டி எழுதிய அந்த அரசு எழுத்தரின் கைவண்ணத்தை நான் மிகவும் ரசிப்பேன்.

மொத்தம் 21 ஏடுகள். அவற்றில் 5 வடமொழியிலும் 16 தமிழிலும் உள்ளன. வடமொழிப் பகுதி சோழர் குலத்தின் புகழையும் சைலேந்திர அரசனின் பெருமையையும் பாடுகிறது. தமிழ்ப் பகுதிக்கு அந்த அலங்காரமெல்லாம் கிடையாது. அது முழுக்க முழுக்க வருவாய்த்துறையின் குரல். 97 வேலிக்கும் மேற்பட்ட நிலம், அதிலிருந்து வரவேண்டிய 8,900 கலத்துக்கும் மேற்பட்ட நெல், ஊரின் எல்லை, எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்த ஊருக்கு மேற்கு என்று ஏடு ஏடாக விரிகிறது. எல்லையை அறுதியிட ஒரு பெண் யானையை நடத்தி, அது சென்ற வழியில் கல்லும் கள்ளியும் நாட்டும் 'பிடி சூழ்தல்' என்ற முறையும் இங்கே பதிவாகியுள்ளது. புத்தருக்கு விளக்கெரிக்கவும் பிக்குகளுக்குச் சோறிடவும் அளந்து கொடுக்கப்பட்ட நிலத்தின் ஓரத்தில் ஒரு பிடி அசைந்து நடந்து போனதைக் கற்பனை செய்து பார்த்தால், 'அரச ஆதரவு' என்று நாம் பாடநூல்களில் ஒற்றைச் சொல்லில் கடந்துபோவதன் கனம் விளங்கும்.

இந்தக் கொடையை அறிவித்தவன் ராஜராஜன். ஆனால் அது என்றும் நிலைக்கும்படி செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் அவன் மகன் ராஜேந்திரன் என்று வடமொழிப் பகுதியே கூறுகிறது. ஏடுகளைக் கோத்த வளையத்தில் ராஜேந்திரனின் முத்திரை இருக்கிறது. ஆக, ஆசிரியை சொன்ன 'கொடுத்த கையும் அடித்த கையும்' உண்மையிலேயே ஒரே கைதான்.

கொடையால் இரு தரப்புக்கும் என்ன லாபம் என்பதில் பெரிய புதிர் இல்லை. சீனத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே செல்லும் கப்பல்கள் மலாக்கா நீரிணையைக் கடந்தாக வேண்டும். அந்த வாயில் ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது. நாகப்பட்டினம் சோழரின் முதன்மைத் துறைமுகங்களில் ஒன்று. அங்கே வந்து தங்கும் கடாரத்து வணிகருக்குத் தங்கள் அரசன் பெயரால் ஒரு பள்ளி இருந்தது என்றால், அது வழிபாட்டிடம் மட்டுமன்று, அயல்மண்ணில் ஒரு காலூன்றலும் ஆகும். ஸ்ரீவிஜய அரசர்களுக்கு இது புதிய வழக்கமும் இல்லை. 9ஆம் நூற்றாண்டிலேயே சைலேந்திர மரபின் பாலபுத்ரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரம் எடுப்பித்தான். பாலப் பேரரசன் தேவபாலன் அதற்கு ஐந்து ஊர்களை அளித்ததைக் கூறும் செப்பேடு கிடைத்திருக்கிறது. அதே கடாரத்தார் நாகப்பட்டினத்துக் காயாரோகணர் கோயிலுக்கும், அதாவது சிவன் கோயிலுக்கும், சீனப் பொன் கொடுத்துக் கல்வெட்டில் இடம்பிடித்தார்கள். உள்ளூர்க்காரரின் சாமிக்கும் கும்பிடு போட்டுவைத்தார்கள் என்று கொள்ளலாம். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் கடை வைத்திருக்கும் எவருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பீடத்தில் எழுதியது

அடுத்து சிலைகள். நாகப்பட்டினத்தில் 1856 முதல் பல்வேறு காலங்களில் ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. மற்றவை உலகமெங்கும் சிதறிக் கிடக்கின்றன. பல சிலைகள் ஒரு சாண் உயரம்கூட இல்லாதவை, வேண்டுதலுக்காகக் கொடுக்கப்பட்டவை. உச்சந்தலை முடிச்சின் மேல் தீக்கொழுந்து போல எழும் சுடர் நாகப்பட்டினத்துப் புத்தருக்குரிய அடையாளம். இலங்கையிலும் பின்னர் தாய்லாந்தின் சுகோதயத்திலும் செய்யப்பட்ட புத்தர்களின் தலையிலும் அந்தச் சுடரைப் பார்க்கிறோம்.

இவற்றுள் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இன்று நியூயார்க்கில் ஆசியா சொசைட்டியின் தொகுப்பில் இருக்கும் அந்த நின்ற புத்தர் ஏறத்தாழ 69 செ.மீ. உயரம். அதன் பீடத்தில் தமிழ்ப் பொறிப்பு உண்டு. ராஜேந்திர சோழப் பெரும்பள்ளியில் அக்கசாலைப் பெரும்பள்ளியின் ஆழ்வார் கோயிலுக்குத் திருவுற்சவம் எழுந்தருள இந்த ஆழ்வார் செய்விக்கப்பட்டார் என்பது அதன் சாரம். செய்வித்தவர் சிறுதவூரைச் சேர்ந்த ஒருவர். பதினெண் விஷயத்து, அதாவது பதினெட்டு நாட்டு, அக்கசாலைகளைப் பற்றிய குறிப்பும் வருகிறது. அக்கசாலை என்றால் பொற்கொல்லர், உலோக வேலைக்காரர்.

இந்தச் சில வரிகளில் எத்தனை அடுக்குகள். புத்தரை 'ஆழ்வார்' என்று அழைக்கிறார்கள். அவர் கர்ப்பகிரகத்திலிருந்து வெளியே வந்து வீதியுலா போகும் உற்சவர். நம் கோயில்களில் மூலவர் உள்ளே இருக்க உற்சவர் பல்லக்கில் வருவதைப் போல, இங்கேயும் புத்தர் நாகப்பட்டினத்துத் தெருக்களில் 'எழுந்தருளினார்'. வழிபாட்டுச் சொல்லாட்சி முழுவதும் தமிழ்க் கோயிலுடையது. சைவர்க்கும் வைணவர்க்கும் பொதுவான அந்தச் சொற்கள் பௌத்தருக்கும் சொந்தமாக இருந்தன. அதற்கு மேல் அரசனின் பெயர் வருகிறது. சிலையைச் செய்வித்தவர் அரசர் இல்லை, ஒரு கொல்லர் குழுவோடு தொடர்புடைய மனிதர். ஆனாலும் பள்ளியின் பெயர் ராஜேந்திர சோழன் பெயர். பக்தி கொல்லருடையது, முகவரி அரசனுடையது.

நம் கோயில்களில் குழல்விளக்கின் நடுவே 'உபயம்' என்று பெரிய எழுத்தில் எழுதி, வெளிச்சத்தில் பாதியை அந்த எழுத்தே மறைத்துக்கொள்வதைப் பார்த்துச் சிரித்திருப்போம். ஆயிரமாண்டுப் பழக்கம் அது. உபயக்காரர் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் ஆள்பவர் பெயர் இருந்தாக வேண்டும் என்பதுதான் வேறுபாடு.

பெயர் மாற்றத்தின் வரிசையைக் கவனிக்க வேண்டும். 1006இல் அது சூளாமணிவர்ம விகாரம், கட்டியவன் தந்தையின் பெயர். முதலாம் குலோத்துங்கன் 1090இல் வெளியிட்ட சிறிய செப்பேட்டில், சூளாமணிவர்ம விகாரத்துக்கு 'ராஜராஜப் பெரும்பள்ளி' என்ற பெயர் வந்துவிட்டது. பக்கத்தில் 'ராஜேந்திர சோழப் பெரும்பள்ளி'யும் இருக்கிறது. இந்த இரண்டாவது ஏட்டை வேண்டிப் பெற்றவர்கள் கடாரத்தரசனின் தூதர்களான ராஜவித்யாதர ஸ்ரீ சாமந்தனும் அபிமானோத்துங்க ஸ்ரீ சாமந்தனும். அதாவது, 1025இல் அடிவாங்கிய அரசின் வழித்தோன்றல்கள், அடித்த அரசனின் பெயரைத் தாங்கிய பள்ளிக்கு வரிவிலக்குக் கேட்டு அந்த மரபின் அரசவையிலேயே வந்து நின்றார்கள். அந்தத் தூதர்களின் மனநிலை எதுவாக இருந்தாலும், பெயர் மாற்றத்துக்கு உடன்பட்டதால்தான் பள்ளி பிழைத்தது என்று நான் கருதுகிறேன். கடாரத்தரசனின் பெயர் மட்டுமே வாசலில் இருந்திருந்தால் 1025க்குப் பிறகு அந்தப் பள்ளியின் கதி வேறாக இருந்திருக்கலாம்.

படையெடுப்பைப் பேசும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் பாடும் பகுதியை, படித்தால் இந்த ஊகம் வலுப்பெறும். 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று தொடங்கி, பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தக்கோலம், இலாமுரிதேசம், மானக்கவாரம், கடாரம் என்று ஊர்களை அடுக்குகிறது. கவர்ந்த பொருளாகப் பெருமையோடு சொல்வது கடாரத்தரசனின் பெருநிதியையும் யானைகளையும் 'விச்சாதிரத் தோரணம்' என்னும் நகர வாயிலையும் மணிகள் பதித்த கதவங்களையும். புத்தர் சிலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஸ்ரீவிஜயம் பௌத்தம் தழைத்த நாடு. 7ஆம் நூற்றாண்டில் அங்கே வந்து தங்கிய சீனத் துறவி ஈ-சிங், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிக்குகள் அங்கு இருந்ததாக எழுதினார். அப்படிப்பட்ட நாட்டை வென்றதன் அடையாளமாகச் சோழன் சொல்லிக்கொண்டது வாயிலைத்தான். நகரின் வாயிலைப் பிடுங்குவது அரசனின் பெயரைப் பிடுங்குவது போன்றதுதானே.

ஈழத்தில் அதே பெயர்

இதைச் சமயப் பொறை என்று புகழ்ந்து முடித்துவிட ஆசைதான். ஈழம் அதற்கு இடம்கொடுப்பதில்லை. 1017ஆம் ஆண்டில் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்த சோழப் படைகள் விகாரங்களில் தாது அறைகளை (புனித எச்சங்களை வைத்திருக்கும் அறைகளை) உடைத்துப் பொற்சிலைகளை எடுத்துச் சென்றதாக இலங்கையின் பாலி வரலாற்று நூலான சூளவம்சம் கசப்போடு பதிவுசெய்கிறது. ரத்தம் குடிக்கும் யக்கர்களோடு அவர்களை ஒப்பிடவும் செய்கிறது. பிக்குகள் எழுதிய நூல் என்பதால் மிகை இருக்கலாம். முழுவதும் பொய் என்று ஒதுக்க எனக்குத் துணிவில்லை.

ஆனால் அதே ஈழத்தில், திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரத்தில், தமிழ்க் கல்வெட்டுகள் அதே காலத்தில் புத்தப் பள்ளிக்குக் கொடுக்கப்பட்ட விளக்கு, பசு, பொன் ஆகிய கொடைகளைப் பேசுகின்றன. அந்த விகாரத்துக்கு அவை தரும் பெயர் 'ராஜராஜப் பெரும்பள்ளி'.

நாகப்பட்டினத்தில் கண்ட அதே பெயர். ஒரே ஆட்சியில், ஒரே தீவில், ஒரு விகாரத்தின் பொற்சிலை பறிபோகிறது, இன்னொரு விகாரத்தில் புத்தருக்கு நெய்விளக்கு எரிகிறது. சமயம் ஒன்றாகவே இருக்க, வேறுபடுவது பெயர்தான். அனுராதபுரத்து விகாரங்கள் சிங்கள மன்னரின் அரசுரிமையோடு பின்னிப்பிணைந்தவை. அவற்றின் சிலைகளும் தாதுக்களும் தோற்ற அரசனின் சொத்துக் கணக்கில் இருந்தன. வெல்கம் விகாரமோ சோழன் பெயரைத் தாங்கிவிட்டது, அதனால் சோழனுடையதாகிவிட்டது. ஆசிரியையின் கேள்விக்கு என்னால் தர முடிந்த மிக நேரான பதில் இந்த இரண்டு விகாரங்களையும் அருகருகே வைப்பதுதான்.

சோழர் புத்தர் சிலைகளை மட்டும் இப்படி நடத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்தபோது அங்கிருந்து ஒரு வாயிற்காவலர் சிலையைக் கொண்டுவந்தான். அதன் பீடத்தில், 'உடையார் ஸ்ரீ விஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்' என்று பொறித்துவைத்தார்கள். தாராசுரத்தில் இருந்த அச்சிலை இப்போது தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் நிற்கிறது. சைவரான சோழர், சைவச் சிலையையே போர்ப்பொருளாகக் கவர்ந்து, அதன் காலடியில் தம் பெயரை வெட்டினார்கள். கரிய கல்லில் வெட்டிய அந்த ஒற்றை வாக்கியத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் எவருக்கும் சிலை என்பது அரசியல் ஆவணம் என்று தனியே பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அங்கோரில் அரசன் முகம்

சோழர் பள்ளிக்குத் தம் பெயரை வைத்தார்கள் என்றால், இன்றைய கம்போடியாவில் இருந்த கெமர் தலைநகர் அங்கோரின் ஏழாம் ஜெயவர்மன் புத்தருக்கே தன் பெயரை வைத்தான். இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியை ஆண்ட சாம்கள் 1177இல் அங்கோரைச் சூறையாடிய பின், அவர்களை விரட்டி 1181இல் முடிசூடிய அவன், மகாயான பௌத்தன். 1191இல் எழுதப்பட்ட பிரா கான் கல்வெட்டு, 'ஜெயபுத்தமகாநாதர்' என்ற பெயரில் 23 புத்தர் சிலைகளைப் பேரரசின் பல நகரங்களுக்கு அனுப்பியதைக் கூறுகிறது. அந்நகரங்களில் சில இன்றைய தாய்லாந்தின் லோப்புரி, சுபன்புரி, ராட்சபுரி, பெட்சபுரி என்று அடையாளம் காணப்பட்டுள்ளன. 'ஜெய' என்பது அரசனின் பெயர், 'புத்த' என்பது இறைவனின் பெயர், இரண்டையும் சேர்த்துத் தைத்ததுதான் சிலையின் பெயர். தொலைவிலுள்ள ஊர் ஒன்றில் ஒரு குடியானவர் அதன் முன் மண்டியிட்டால், அவர் வணங்கியது யாரை என்று பிரித்துச் சொல்ல அவராலேயே முடிந்திருக்காது. அதுதான் நோக்கமும்.

இப்படிப் பெயரையும் உடலையும் ஒன்றாக்கியதில் ஓர் ஆபத்து இருந்தது. அவன் அங்கோரில் எடுப்பித்த பேயோன் கோயிலின் நடுக் கோபுரத்தில், நாகம் குடைபிடிக்க அமர்ந்த 3.6 மீட்டர் உயரப் புத்தர் இருந்தார். 13ஆம் நூற்றாண்டில் சைவம் மீண்டும் தலையெடுத்தபோது அச்சிலையை உடைத்து, அது நின்ற இடத்துக்குக் கீழேயே இருந்த கிணற்றில் கொட்டினார்கள். எட்டாம் ஜெயவர்மன் காலத்தில் இது நடந்திருக்கும் என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. 1933இல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் துரூவே அந்தக் குழியைத் தோண்டித் துண்டு துண்டாகச் சிலையை வெளியே எடுத்தார். ஒட்டுப்போட்டு மீட்டெடுத்த அந்தப் புத்தர் 1935 முதல் அங்கோர் தோமின் வேறோர் இடத்தில், எளிய கூரையின் கீழ் அமர்ந்திருக்கிறார். கற்களுக்கு இடையே ஒட்டிய கோடுகள் இன்றும் தெரிகின்றன.

நாகப்பட்டினத்துப் பள்ளி பெயர் மாறித் தப்பித்தது. பேயோன் புத்தருக்கு அந்த வழி இல்லை. பெயரை மட்டும் நீக்க முடியாதபடி அரசனும் புத்தரும் ஒன்றாகிவிட்டிருந்தார்கள்.

பயணம் போன சிலைகள்

உடைக்காமல் எடுத்துச் செல்வது மூன்றாவது வழி. தென்கிழக்காசியாவில் இதற்கு எடுத்துக்காட்டுகள் மலிந்து கிடக்கின்றன. மிகப் பேர்பெற்றது பாங்காக்கின் மரகதப் புத்தர். மரகதம் என்ற பெயர் நிறத்தால் வந்தது, கல் மரகதம் அன்று. 66 செ.மீ. உயரமே உள்ள அச்சிலை 15ஆம் நூற்றாண்டில் சியாங்ராயில் வெளிப்பட்டு, லம்பாங், சியாங்மாய், லுவாங் பிரபாங், வியந்தியான் என்று அரசுகள் எழுந்து விழும் வரிசையிலேயே இடம்மாறியது. வியந்தியானைத் தாக்கி 1779இல் அதைக் கொண்டுவந்த தளபதிதான் பின்னர் முதலாம் ராமா என்று முடிசூடினான். 1784இல் அது பாங்காக்கின் பிரா கேவ் கோயிலில் அமர்த்தப்பட்டது. தலைநகரின் சடங்குப் பெயரில் வரும் 'ரத்தினகோசின்' அந்த ரத்தினச் சிலையையே குறிக்கிறது. இங்கே பெயரிடும் திசை தலைகீழாகிவிட்டது. அரசன் சிலைக்குப் பெயர் வைக்கவில்லை, சிலை அவன் நகருக்குப் பெயர் தந்தது. ஆண்டுக்கு மூன்று முறை, பருவம் மாறும்போது, சிலையின் பொன்னாடையை மாற்றும் உரிமை இன்றும் தாய்லாந்து அரசருக்குரியது.

எனக்கு இதைவிட நெருக்கமான கதை மண்டலேயில் உள்ளது. பர்மிய அரசன் போடோபாயா 1784இல் அரக்கானை வென்று மகாமுனிப் புத்தரைக் கவர்ந்துவந்தபோது, கூடவே சில கெமர் வெண்கலச் சிலைகளும் வந்தன. அங்கோரில் வார்க்கப்பட்ட அவற்றை 1431இல் அயுத்தியர் கொண்டுபோனார்கள். அயுத்தியாவிலிருந்து 1569இல் பர்மிய அரசன் பயின்னவுங் தன் தலைநகர் பெகுவுக்குக் கொண்டுபோனான். பெகுவிலிருந்து 1599இல் அரக்கானியர் தங்கள் தலைநகர் மிராவுக்-ஊவுக்குக் கொண்டுபோனார்கள். நான்கு கொள்ளைகளுக்குப் பின் எஞ்சியவை ஆறு: இரண்டு வாயிற்காவலர், மூன்று சிங்கங்கள், ஓர் ஐராவதம். இன்று மகாமுனி வளாகத்தின் ஓரத்துக் கட்டடம் ஒன்றில் அவை நிற்கின்றன. தம் உடலில் எந்த இடம் வலிக்கிறதோ சிலையின் அந்த இடத்தைத் தேய்த்தால் நோய் தீரும் என்று பக்தர்கள் நம்புகிறார்கள். வயிறும் முழங்காலும் தேய்ந்து தேய்ந்து பளபளக்கின்றன. நான்கு அரசுகள் வெற்றிச் சின்னமாகத் தூக்கித் திரிந்த உலோகத்துக்குக் கடைசியில் மூட்டுவலிக்காரர்கள் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள்.

சிங்கப்பூரிலிருந்து

இங்கே ரேஸ் கோர்ஸ் சாலையில், சீனிவாசப் பெருமாள் கோயிலின் பின்புறமாக நடந்தால், 15 மீட்டர் உயரப் புத்தர் அமர்ந்திருக்கும் சாக்கியமுனி புத்தகயா ஆலயம் வரும். தாய்லாந்திலிருந்து வந்த துறவி உத்திசாரர் 1927இல் நிறுவியது. ஆயிரம் விளக்கு ஆலயம் என்றே பலருக்கும் பழக்கம். சனிக்கிழமையில் பெருமாளைச் சேவித்துவிட்டு அங்கேயும் எட்டிப் பார்த்து வரும் தமிழர்களை நான் அறிவேன். அந்தச் சிலைக்குப் பின்னால் எந்த அரசனும் இல்லை, துறவி ஒருவரும் உபயக்காரர்களும்தான்.

பெருமாள் கோயிலுக்கு இவ்வளவு அருகில் புத்தர் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வைணவக் கதை நினைவுக்கு வந்து சிரிப்பூட்டும். நாகப்பட்டினத்தில் இருந்த பொன் புத்தரைத் திருமங்கையாழ்வார் கவர்ந்துவந்து, அதை உருக்கிய பொன்னில் திருவரங்கத்து மதிலைக் கட்டினார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. வரலாறாக அதை நிறுவ முடியாது. ஆனால் நாகப்பட்டினத்துப் புத்தரிடம் இருந்த செல்வத்தின் நினைவு தமிழ் மனத்தில் எப்படிப் பதிந்திருந்தது என்பதற்கு அது நல்ல சான்று. கவர்ந்த செயலை மறைக்காமல், பக்தியின் உச்சமாகவே அந்தக் கதை கொண்டாடுவதையும் கவனிக்க வேண்டும்.

சிங்கப்பூரின் தொன்மமும் இந்த வட்டத்துக்கு வெளியே இல்லை. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் வரும் ராஜா சூலன், சீனத்தை வெல்லப் புறப்பட்டுத் தெமாசெக் (சிங்கப்பூரின் பழைய பெயர்) வரை வந்துவிட்டு, பல் விழுந்த கிழவர்களும் துருப்பிடித்த ஊசிகளும் ஏற்றிய சீனக் கப்பலைப் பார்த்து ஏமாந்து திரும்புகிறான். இந்தப் பாத்திரம் சோழனின் மங்கிய நினைவு என்பது பலர் கருத்து. சிங்கப்பூரை நிறுவிய சங் நீல உத்தமாவின் மரபு அவனிடமிருந்து தொடங்குகிறது. அந்த மரபினர் மண்ணில் தோன்றிய இடம் சுமத்திராவில் பலெம்பாங்கின் புக்கிட் செகுந்தாங் குன்று. அதே குன்றில்தான் 2.77 மீட்டர் உயரக் கருங்கல் புத்தர் ஒருவர் கண்டெடுக்கப்பட்டார். ஸ்ரீவிஜயத்தின் புத்தர் நின்ற குன்றையும், ஸ்ரீவிஜயத்தைத் தாக்கிய சோழனின் பெயரையும் சேர்த்தே மலாய் அரசர்கள் தங்கள் குலப்பெருமையைக் கட்டிக்கொண்டார்கள். வென்றவனும் தோற்றவனும் ஒரே பாட்டனாகிப்போன விந்தை அது.

கோபுரம் போன பிறகு

நாகப்பட்டினத்தில் என்ன மிஞ்சியது? பர்மிய அரசன் தம்மசேதியின் 1476ஆம் ஆண்டுக் கல்யாணிக் கல்வெட்டு, கப்பல் உடைந்து கரையேறிய பிக்குகள் நாகப்பட்டினத்தில் பழைய விகாரம் இருந்த இடத்தைப் பார்த்ததாகவும், சீனப் பேரரசன் கட்டுவித்த குகையில் புத்தரை வணங்கியதாகவும் கூறுகிறது. அப்போதே அது 'இருந்த இடம்' ஆகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் செங்கல்லாலான மூன்று நிலைக் கோபுரம் ஒன்று மட்டும் எஞ்சி நின்றது. 1846இல் வால்டர் எலியட் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். கடலில் வரும் மாலுமிகளுக்கு அது கரையடையாளம். ஊரார் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். ஆங்கிலேயர் சீனப் பகோடா, சமணப் பகோடா, கறுப்புப் பகோடா என்று வாய்க்கு வந்தபடி அழைத்தார்கள். சூளாமணியும் ராஜராஜனும் ராஜேந்திரனும் போட்டியிட்டுப் பெயர் வைத்த இடத்துக்கு, அந்த மூவரில் ஒருவர் பெயரும் நிலைக்கவில்லை. இயேசு சபையினர் கல்லூரிக்காக அந்த நிலத்தைக் கேட்டு, அரசின் அனுமதியோடு 1867இல் கோபுரத்தை இடித்தார்கள்.

செப்பேடுகள் ஒல்லாந்தர் வழியாக நெதர்லாந்துக்குப் போய், லெய்டன் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தன. அடுத்த கூடலுக்கு நான் தயாரித்த இரண்டு பக்கக் குறிப்பில், கல்லூரியில் படித்த பழக்கத்தில் 'பெரிய லெய்டன் செப்பேடு' என்றே தலைப்பிட்டிருந்தேன். ஆசிரியை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து 'லெய்டன்' என்ற சொல்லை அடித்து, அதற்கு மேல் 'ஆனைமங்கலம்' என்று எழுதி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.